கை உயர, தோள்பட்டை சுழல வேண்டும்

வலது தோளில் வலி என்று ஒரு பரோட்டா மாஸ்டர் என்னிடம் வந்தார். வயது 42. இருபது வருடமாக இதே வேலை. மாவு பிசையும்போது சமாளித்துவிடுவார். உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி வீசி மேடையில் அடிக்கும்போதுதான் தோளின் முன்பக்கம் சுள்ளென்று இழுக்கும். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தைலம் தேய்த்தார், மாத்திரை போட்டார், ஓர் ஊசியும் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு வலி திரும்பி வந்துவிட்டது. "கைக்கு ஏதாவது எக்சர்சைஸ் சொல்லுங்க சார்" என்றார்.

நான் முதலில் கையைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி, எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும், ஐந்து தடவை. ஏறும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் வேறுபாடு தெரிந்தது. இடது பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகோடு ஒட்டியபடியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. வலது பக்க எலும்பின் உள்விளிம்பு பாதி வழியில் தோலைத் தள்ளிக்கொண்டு புடைத்தது. அப்புறம் வெடுக்கென்று ஒரு குதி குதித்துக் கீழே போனது. ஐந்து தடவையும் அதே இடத்தில், அதே குதிப்பு.

அடுத்த தடவை அவர் தூக்கும்போது, என் ஒரு கையை அந்த எலும்பின் மேல்பக்கத்திலும் இன்னொரு கையைக் கீழ்முனையிலும் வைத்து, அது சுழல வேண்டிய திசையில் லேசாகத் தள்ளிக்கொடுத்தேன். கை மேலே போனது. "இப்ப வலி பாதிதான் இருக்கு சார்" என்று திரும்பிப் பார்த்தார். வலிக்கிற இடத்தை நான் தொடவே இல்லை.

தோள்பட்டை என்று நாம் தோள் முழுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் 'பட்டை', முதுகின் மேல்பகுதியில் இருபுறமும் இருக்கும் தட்டையான முக்கோண எலும்புக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஏழாவது விலா எலும்பு வரைக்கும் அது முதுகின் மேல் கிடக்கிறது. இதன் வெளிப்புற மூலையில்தான் கையின் எலும்பு வந்து பொருந்தும் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் என்பதைவிட ஆழமில்லாத தட்டு என்று சொன்னால் சரியாக இருக்கும். இடுப்பில் தொடை எலும்பின் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படி இல்லை. சுற்றுகிற பம்பரத்தை உள்ளங்கையில் ஏந்துவது போலத்தான். பம்பரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் உள்ளங்கையும் நகர்ந்துகொடுக்க வேண்டும். கை நகராமல் நின்றால் பம்பரம் விழுந்துவிடும். தோள்பட்டை எலும்பு செய்வது அந்த உள்ளங்கையின் வேலை.

இந்த எலும்புக்கு உடம்போடு இருக்கும் எலும்பு இணைப்பு ஒன்றே ஒன்றுதான்: காறை எலும்பு. அது முன்பக்கமாக மார்பெலும்போடு போய்ச் சேர்கிறது. மற்றபடி அந்த எலும்பைப் பிடித்து நிறுத்துவது முழுக்க முழுக்கத் தசைகள். மொத்தம் 17 தசைகள் இந்த ஒரு எலும்பில் வந்து ஒட்டுகின்றன. சில கழுத்திலிருந்து, சில முதுகுத்தண்டிலிருந்து, சில விலாவிலிருந்து, சில கையிலிருந்து. நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்திய பந்தல் கால் மாதிரி. ஒரு பக்கக் கயிறு தளர்ந்தால் மறுபக்கக் கயிறு இறுகும், கால் சாயும்.

கையைப் பக்கவாட்டில் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனால் 180 டிகிரி. அதில் ஏறக்குறைய 120 டிகிரிதான் கைமூட்டு, அதாவது கை எலும்பு கிண்ணத்தில் பொருந்தும் மூட்டு, தருவது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் சுழல்வதால் கிடைக்கிறது. இந்தக் கூட்டியக்கத்தை 1930-களில் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் காட்மன் விவரித்தார். 1944-ல் இன்மன், சாண்டர்ஸ், அபாட் என்ற மூவர் இதை அளந்து, 2-க்கு 1 என்ற விகிதத்தைச் சொன்னார்கள். இந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும், கோணத்துக்குக் கோணமும் மாறும் என்று பின்னால் வந்த அளவீடுகள் காட்டின. ஆனால் அடிப்படை மாறவில்லை. கை உயர உயர, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வெளிப்பக்கமாக அக்குளை நோக்கிப் போக வேண்டும், கிண்ணம் மேல் நோக்கித் திரும்ப வேண்டும், எலும்பு கொஞ்சம் பின்னோக்கிச் சாய வேண்டும்.

இந்தச் சுழற்சியை எந்தத் தசையும் தனியாகச் செய்ய முடியாது. ட்ரபீசியஸ் என்ற பெரிய தசை, பின்கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரிந்திருக்கிறது. அதன் மேல்பகுதி தோளை மேலே இழுக்கும்; கீழ்ப்பகுதி எலும்பைக் கீழ்நோக்கி இழுக்கும். மூன்றாவது ஆள் செர்ரேட்டஸ் ஆன்டீரியர். ரம்பத்தின் பற்களைப் போல விலா எலும்புகளிலிருந்து பல்பல்லாகக் கிளம்பி, விலாவைச் சுற்றிக்கொண்டு போய், தோள்பட்டை எலும்புக்கு அடியில் நுழைந்து, அதன் உள்விளிம்பில் ஒட்டுகிறது. நல்ல குத்துச்சண்டை வீரரின் விலாப்பக்கத்தில் விரல் விரலாகத் தெரிவது இதுதான். எலும்பை விலாவோடு ஒட்டவைத்து முன்னோக்கி இழுப்பது இதன் வேலை. இந்த மூன்றும் மூன்று திசையில் ஒரே நேரத்தில் இழுக்கும்போது எலும்பு அந்த இடத்திலேயே சுழல்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் எதிரெதிர்த் திசையில் இழுத்துத் திருப்புகிறோமே, அதே கணக்கு.

மாஸ்டர் விஷயத்தில் கோளாறு இங்கேதான். மேல் ட்ரபீசியஸ் கல் மாதிரி இறுகியிருந்தது. கீழ் ட்ரபீசியஸும் செர்ரேட்டஸும் தாமதமாகவும் அரைமனதாகவும் வேலை செய்தன. இது தோள் வலியோடு வருகிறவர்களில் அடிக்கடி காண்கிற ஒரு அமைப்பு. கூடவே மார்புக்கு முன்னால் இருக்கும் பெக்டோராலிஸ் மைனர் என்ற சின்னத் தசை குறுகிப்போய் எலும்பை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்கிறவர்களிடமும், தையல் மெஷினில் குனிந்தே வேலை பார்ப்பவர்களிடமும் இதைப் பார்க்கிறேன்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நன்றாகக் கூன் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை முன்பக்கமாக எவ்வளவு உயரம் தூக்க முடிகிறதோ தூக்குங்கள். எங்கே நின்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மறுபடி தூக்குங்கள். எத்தனையோ டிகிரி கூடுதலாகப் போகும். கை அதே கைதான். அதற்கு அடியில் இருக்கும் தளம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இதே வலிக்கு நீண்ட காலம் ஒரு எளிய விளக்கம் இருந்தது. தோளின் கூரையாக நீண்டிருக்கும் எலும்பு முனை, கீழே இருக்கும் தசைநாரை உரசுகிறது. உரசும் எலும்பைச் சீவிவிட்டால் வலி போகும். அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த அறுவை நடந்தது. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு அதைச் சோதித்தது. 32 மருத்துவமனைகள், 313 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு எலும்பைச் சீவினார்கள்; இன்னொரு பிரிவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் வெளியே எடுத்தார்கள்; மூன்றாவது பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை. சீவியவர்களுக்கும் சீவாதவர்களுக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பின்லாந்தில் நடந்த ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது. கிழிந்த தசைநார், உடைந்த எலும்பு இவையெல்லாம் வேறு கதை. ஆனால் கிழிசலோ முறிவோ இல்லாமல் கையைத் தூக்கும்போது மட்டும் வலிக்கிற சாதாரண தோள் வலிக்கு, முறையான பயிற்சியே முதல் சிகிச்சை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலை.

சரி, என்ன பயிற்சி? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஜிம்மில் போய் முதுகுக்கு, தோளுக்கு என்று தனித்தனியாக எடை தூக்கிப் பழகியவர், 'எனக்கு முதுகு பலமாகத்தானே இருக்கிறது' என்பார். ஒரு தசையின் பலம் வேறு. அந்தத் தசை சரியான நேரத்தில், சரியான அளவில், மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்வது வேறு. நீங்கள் நின்றுகொண்டு கையைத் தூக்கினால், தோள் தசை சுருங்குவதற்கு முன்பே கால் தசைகளும் இடுப்புத் தசைகளும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மூளை கைக்குத் தனிக் கட்டளை போடுவதில்லை. 'மேலே இருக்கும் டப்பாவை எடு' என்று முழு வேலைக்கான கட்டளையைப் போடுகிறது. டென்னிஸ் சர்வீஸில் பந்துக்குப் போகும் சக்தியில் பாதிக்கு மேல் கால், இடுப்பு, உடல்தண்டிலிருந்து வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் பென் கிப்ளர் கணக்கிட்டார். தோள்பட்டை எலும்பைப் பற்றி மருத்துவ உலகம் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காலில் பிறக்கும் சக்தியைக் கைக்குக் கடத்தும் பாலம் தோள்பட்டை எலும்பு என்பது அவர் பார்வை. பாலம் ஆடினால், கடந்து போக வேண்டிய சக்தியைக் கையே புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும். மாஸ்டரின் கை இத்தனை வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

செயல்பாட்டுப் பயிற்சி என்று சொல்வதன் பொருள் இதுதான். தள்ளுவது, இழுப்பது, மேலே வைப்பது, மேலிருந்து எடுப்பது, சுமப்பது, வீசுவது என்று அன்றாடம் கை செய்யும் வேலைகளையே எடுத்து, சுமையைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, கால் தரையில் ஊன்றியிருக்க, திரும்பத் திரும்பச் செய்வது.

ஆனால் முதல் நாளே அதில் குதிக்க முடியாது. தூங்கிப்போன தசையை முதலில் எழுப்ப வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆன் கூல்ஸ் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. 12 பயிற்சிகளைத் தசைகளின் மின் அதிர்வை அளந்து சோதித்து, மேல் ட்ரபீசியஸை அதிகம் கிளப்பாமல் நடு, கீழ் ட்ரபீசியஸை எழுப்பும் நான்கை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாமே படுத்துக்கொண்டு செய்பவை. அதில் ஒன்று மிக எளிது. வலி இல்லாத பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் கையின் முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டிவைத்து, இடையில் சின்னத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, முன்னங்கையை மட்டும் மேல்நோக்கித் திருப்ப வேண்டும். கையில் அரை கிலோ போதும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் படுத்துச் செய்துவிட்டு, எழுந்து நிற்கும் பயிற்சிக்குப் போய்விடுவது நல்லது. வருடக்கணக்கில் படுத்தபடியே செய்துகொண்டிருப்பவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் தசை எழுந்துவிட்டது. வேலைக்குப் போகத்தான் கற்றுக்கொள்ளவில்லை.

தள்ளும் பயிற்சிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது தண்டால். ஊருக்கு ஊர் எல்லோருக்கும் தெரிந்த தண்டால்தான், ஆனால் கடைசியில் ஒரு அங்குலம் சேர்க்க வேண்டும். உடம்பை மேலே தள்ளி, முழங்கை நேரான பிறகும் நிறுத்தாமல், தரையை இன்னும் தள்ள வேண்டும். அப்போது இரண்டு தோள்பட்டை எலும்புகளும் முதுகுத்தண்டை விட்டு விலகி விலாவைச் சுற்றி முன்னால் நகரும்; மேல்முதுகு லேசாக வளையும். அந்த ஒரு அங்குலம்தான் செர்ரேட்டஸுக்குச் சொந்தமான இடம். 1992-ல் தோள் மறுவாழ்வுப் பயிற்சிகளை அளந்த அமெரிக்க ஆய்விலும், 1999-ல் செர்ரேட்டஸை மையமாக வைத்து அளந்த இன்னொரு ஆய்விலும் இந்தத் தண்டால் முன்வரிசையில் நின்றது. தரையில் முடியாதவர்கள் சுவரில் தொடங்கலாம். அடுத்து மேஜை விளிம்பு, அப்புறம் முட்டி போட்டு, கடைசியில் முழுத் தண்டால். இறங்கும்போது கட்டுப்பாட்டோடு இறங்குவது முக்கியம்; பொத்தென்று விழுந்தால் தசைக்குக் கிடைக்க வேண்டியதில் பாதி போய்விடும்.

மாஸ்டருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. 'மாவு பிசைவது எப்படி, செய்து காட்டுங்கள்' என்று கேட்டு, மேஜையில் ஒரு தலையணையை வைத்தேன். அவர் இரண்டு கையையும் நேராக ஊன்றி, உடம்பின் எடையைப் போட்டு அழுத்தினார். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் முளைத்து நின்றன. மார்பு அவற்றுக்கு நடுவில் தொங்கியது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மைதா பிசைகிறார்! அவ்வளவும் மூட்டையைக் கொடியில் தொங்கவிட்டது மாதிரி, தோளின் இணைப்புத் தசைநார்களில் தொங்கிக்கொண்டு செய்திருக்கிறார். "மேடையைத் தள்ளுங்க மாஸ்டர், மேடை மேல தொங்காதீங்க" என்றேன். மார்பு மேலே எழுந்தது, எலும்புகள் விலாவில் படிந்தன. தினமும் காலையில் அவர் செய்ய வேண்டிய பயிற்சி அவருடைய தொழிலுக்குள்ளேயே இருந்தது.

இழுக்கும் பயிற்சிக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டினால் போதும். இடுப்பு உயரத்தில் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கையை இழுப்பதற்கு முன் எலும்பு நகரத் தொடங்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். இதையே முழு உடம்போடு செய்ய இன்னொரு வடிவம் உண்டு. பைபர் படகின் இன்ஜினைக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வலது கையால் இழுக்கும்போது, முதலில் இடது முட்டியை நோக்கிக் குனிந்து, அங்கிருந்து காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கடைசியாகத்தான் முழங்கை வலது இடுப்புப் பக்கம் வரும். கிப்ளர் குழு 2008-ல் அளந்த ஆரம்பகட்டப் பயிற்சிகளில் இதே அசைவு இருக்கிறது. அங்கே புல்வெட்டும் மெஷினை ஸ்டார்ட் செய்யும் அசைவு என்று பெயர் வைத்தார்கள். கரைவலை இழுப்பவர்களைக் கவனித்தாலும் இது தெரியும். கை கயிற்றைப் பிடிக்கத்தான். இழுப்பது மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடக்கும் கால்.

தலைக்கு மேல் போகும் பயிற்சியில்தான் அதிகப் பொறுமை வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு முன்னங்கைகளையும் சுவரில் வைத்து, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு. எடையை முன் காலுக்கு மாற்றிக்கொண்டே, சுவரை லேசாகத் தள்ளியபடி முன்னங்கைகளை மேலே வழுக்கவிட வேண்டும். உச்சியில் தோள் காதை நோக்கிக் கொஞ்சம் உயரும். அது உயரத்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு தவறான அறிவுரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'தோளைப் பின்னால் இழு, கீழே இறக்கு, அப்படியே வைத்துக்கொள்' என்று யோகா வகுப்பில், ஜிம்மில், ஏன், எங்கள் துறையிலேயே பலர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் பல வருடம் சொன்னேன். பேண்டை இழுக்கும்போது அது சரி. ஆனால் அதே பிடியோடு கையைத் தலைக்கு மேல் தூக்கினால் என்ன ஆகும்? சுழல வேண்டிய எலும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டது போல ஆகும். 60 டிகிரியில் ஒரு பங்கை நாமே தடுத்துவிட்டு, அதையும் கைமூட்டு தரட்டும் என்று விடுகிறோம். ஏற்கெனவே வலிக்கிற தோளுக்கு அது கூடுதல் சுமை. மேலே தூக்கும்போது எலும்பைப் போகவிட வேண்டும். இறக்கும்போதுதான் அதைக் கட்டுப்படுத்திக் கொண்டுவர வேண்டும். மாஸ்டரிடம் அந்தக் குதிப்பு இறங்கும்போது வந்ததற்கும் இதுவே காரணம். நீளும்போது சுமையைத் தாங்கிப் பிடிப்பது எந்தத் தசைக்கும் கஷ்டமான பாடம்.

எத்தனை தடவை, எத்தனை நாள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தொடக்கத்தில் 10 முதல் 15 தடவை, இரண்டு மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். கடைசி மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் வடிவம் கெடக் கூடாது. செய்யும்போது லேசான வலி வரலாம். அன்று இரவோ மறுநாள் காலையோ அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் சுமை அதிகம் என்று பொருள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொண்டதால் வருவது. தசை நிஜமாகப் பலப்பட 6 முதல் 12 வாரம் ஆகும். நாலாவது வாரத்தில் 'வலி குறைந்துவிட்டது' என்று நிறுத்துபவர்கள்தான் ஆறாவது மாதத்தில் திரும்பி வருகிறார்கள்.

நம்மிடம் இருந்த பழைய கருவி ஒன்றும் நினைவுக்கு வருகிறது: கர்லாக்கட்டை. அதைச் சுற்றும்போது தோள்பட்டை எலும்பு மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எல்லாத் திசையிலும் போய்வருகிறது. கால் ஊன்றி, இடுப்பு திரும்பித்தான் கட்டை சுற்றும். 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தார் இந்தியாவில் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. வலி தீர்ந்து, கை முழு உயரம் போன பிறகு, இலேசான கட்டையோடு தொடங்குவதற்கு இதைவிட அழகான பயிற்சி எனக்குத் தெரியாது. வலியோடு இருக்கும்போது மட்டும் வேண்டாம். பின்பக்கம் போகும் கட்டையின் எடை தோளைப் பிடித்து இழுத்துவிடும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோள்பட்டை எலும்பு புடைத்துத் தெரிந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு, குறிப்பாகப் பந்து வீசுபவர்களுக்கும் நீச்சல் வீரர்களுக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று பயப்பட வேண்டாம். அதே மாதிரி, பயிற்சிக்குப் பின் வலி போய்விடும். ஆனால் எலும்பின் அசைவை அளந்தால் பெரிதாக மாறியிருக்காது. தோள்பட்டைக்கென்று தனியாகச் செய்த பயிற்சிக்கும் பொதுவான தோள் பயிற்சிக்கும் நீண்ட நாள் பலனில் பெரிய வித்தியாசம் காணாத ஆய்வுகளும் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுதான்: எலும்பைக் கச்சிதமாக ஓர் இடத்தில் உட்காரவைப்பதில் இல்லை பலன்; அந்தத் தசைகள் களைப்படையாமல் சுமை தாங்கப் பழகுவதில்தான் இருக்கிறது. அதனால்தான் படுத்துச் செய்யும் நுணுக்கப் பயிற்சியோடு நின்றுவிடாமல், வேலையைப் போன்ற பயிற்சிக்குப் போகச் சொல்கிறேன்.

எல்லாத் தோள் வலியும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் கையை நீங்கள் தூக்க முடியாதது மட்டுமல்ல, இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் பாதியில் பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டால், அது தோள் இறுகிப்போகும் நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அதிகம் வருகிறது. அதற்கு வைத்தியம் வேறு. கீழே விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனால் தசைநார் கிழிந்திருக்கலாம். கையில் மரத்துப்போதல், விரல்களில் பலவீனம் இருந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். சுவரைத் தள்ளும்போது ஒரு பக்க எலும்பு மட்டும் சிறகு மாதிரி முழுசாக விரிந்து நின்றால், செர்ரேட்டஸுக்குப் போகும் நீண்ட மார்பு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அது மீளப் பல மாதம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அப்போது வற்புறுத்திச் செய்யும் பயிற்சி உதவாது. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து இடது தோள் வலித்தால், தாமதிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள்.

மாஸ்டருக்கு முதல் மூன்று வாரம் படுத்துச் செய்வதும் சுவர்த் தண்டாலும்தான். வீசுவதை உதவியாளரிடம் விடச் சொன்னேன். பிசைவதை நிறுத்தச் சொல்லவில்லை. நாலாவது வாரத்தில் பேண்ட். ஏழாவது வாரத்தில் ஓர் ஈரத் துண்டைக் கொடுத்து, மாவு வீசுவது போல வீசச் சொன்னேன். முதல் வீச்சில் அவர் கால் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றன. கை மட்டும் வீசியது. அப்படித்தான் இருபது வருடமாக வீசியிருக்கிறார். பின்னங்காலில் எடையை வாங்கி, முன்னங்காலுக்கு மாற்றிக்கொண்டே வீசச் சொன்னதும் துண்டு மேஜையில் பளீரென்று அறைந்தது. "இதுல கைக்கு வேலையே இல்லயே சார்" என்றார்.

பதினோராவது வாரம் முழு வேலைக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் வலி இருக்கிறது, மறுநாள் போய்விடுகிறது என்று போன மாதம் சொன்னார். சாயங்காலம் கல்லைப் பற்றவைக்கும் முன், மாவு மேடையின் விளிம்பில் கை ஊன்றி 15 தண்டால் எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் அந்தக் கடைசி அங்குலத்தைத் தள்ளிவிட்டுத்தான் இறங்குகிறார். கூட வேலை பார்க்கும் பையனையும் இப்போது பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாராம்.